பழைய ஆம்னி வேன் கதவுக்கு ஹீட் இன்சுலேஷன்: வெயிலைத் தடுக்கும் முன் தண்ணீருக்கு வழி விட வேண்டும்... ஏன்?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரே புலம்பல்தான். "வண்டிக்குள்ள உட்கார முடியல, கதவுல கை வைக்க முடியல" என்று மெக்கானிக்கிடமும் அக்சசரீஸ் கடையிலும் போய் நிற்கிறார்கள். அங்கே கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: "கதவுக்குள்ள ஃபோம் அடிச்சு விட்டுடலாம் சார், ஜில்லுனு இருக்கும்."

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலை, தவறாகச் செய்யப்பட்டால் இரண்டு மழைக்காலத்திலேயே கதவின் அடிப்பகுதியைத் துருவாக்கி உதிர்த்துவிடும். சரியாகச் செய்தால் சூடும் குறையும், கடகட சத்தமும் குறையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கும் மாருதி ஆம்னியை வைத்து இங்கே பார்க்கலாம்.

ஆம்னி கதவு ஏன் இப்படிச் சுடுகிறது?

1984-ல் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்த இந்த வண்டிக்கு 1988-ல் ஆம்னி என்று பெயர் மாறியது. புதிய பாதுகாப்பு விதிகள் வரவிருந்த நிலையில், 2019-ல் இதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதாவது இன்று ஓடும் ஆம்னி எதுவாக இருந்தாலும் அது பழைய வண்டிதான்.

எடை குறைவு, விலை குறைவு என்பதற்காகவே உருவான வண்டி இது. கதவு என்பது வெளித்தகடு, உள்தகடு, நடுவில் வெற்றிடம், உள்பக்கத்தில் ஒரு மெல்லிய டோர் பேட். அவ்வளவுதான். வெளித்தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம் கொண்ட இரும்பு. வெயிலில் நிற்கும் வண்டியில் இந்தத் தகடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அடர்ந்த நிறம் என்றால் இன்னும் கூடும்.

இரும்பு வெப்பத்தை மிக வேகமாகக் கடத்தும். அதே கனமுள்ள நல்ல ஃபோம் ஷீட்டோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்குக்கு மேல் கடத்தும். அதனால் வெளித்தகடு சூடான சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு உள்பக்கக் காற்றுக்கும் டோர் பேடுக்கும் வந்துவிடும். சத்தமும் இதே கதைதான். மெல்லிய தகடு தகர டப்பா மாதிரி அதிரும்.

கதவை மட்டும் சரி செய்தால் போதுமா?

போதாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. வேனுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு கூரை வழியாகவும் கண்ணாடி வழியாகவும் வருகிறது. ஆம்னியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு: அதன் 796 சிசி எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருக்கிறது. நீண்ட தூரம் ஓட்டினால் டிரைவருக்குச் சூடு கீழிருந்துதான் வரும்.

எனவே "கதவுக்கு ஃபோம் வைத்தால் ஏசி போட்ட மாதிரி இருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏசியே இல்லாத வண்டியை இன்சுலேஷன் குளிர வைக்காது. உள்ளே வரும் சூட்டின் வேகத்தைத்தான் குறைக்கும். ஏசி உள்ள வண்டியில் சீக்கிரம் குளிரும், குளிர்ச்சி கொஞ்சம் நேரம் நிற்கும். ஏசி இல்லாத வண்டியில் கதவோரம் உட்காருபவரின் தோளிலும் தொடையிலும் அடிக்கும் அனல் குறையும். சத்தம் குறைவது எல்லா வண்டியிலும் உடனே தெரியும்.

கூரை, கண்ணாடி, எஞ்சின் மூடி ஆகியவற்றைப் பார்த்த பிறகு கதவுக்கு வருவதுதான் செலவுக்கு ஏற்ற வரிசை. ஆனால் கதவில்தான் தவறு செய்ய வாய்ப்பு அதிகம். காரணம், தண்ணீர்.

கதவுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது?

பலர் கதவின் உட்புறம் எப்போதும் காய்ந்தே இருக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மை அப்படியில்லை. கண்ணாடி ஏறி இறங்கும் கதவில், கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அதில் இருக்கும் ரப்பர் பீடிங் கண்ணாடியைத் துடைக்கும், ஆனால் மழைத் தண்ணீரை முழுவதுமாகத் தடுக்காது. வண்டி பழசாகி பீடிங் காய்ந்து வெடித்துவிட்டால் இன்னும் அதிகமாக இறங்கும்.

கதவை வடிவமைத்தவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் எல்லா கதவின் அடி விளிம்பிலும் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருப்பார்கள். மேலே இறங்கும் தண்ணீர் வெளித்தகட்டின் உள்பக்கமாக வழிந்து, கீழே அந்தத் துளை வழியாக வெளியே போய்விடும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பிளாஸ்டிக் ஷீட், தண்ணீர் வண்டிக்குள் வராமல் காக்கும்.

அதாவது கதவு என்பது தண்ணீர் புகாத பெட்டி அல்ல; தண்ணீர் வந்து போகும் பாதை. வாங்கும் பொருளும் செய்யும் வேலையும் இந்த ஒரு விஷயத்துக்கு ஒத்துப்போக வேண்டும். தண்ணீரை உறிஞ்சும் பொருளை உள்ளே வைத்தாலோ, அடித்துளையை அடைத்தாலோ, கதவு ஈரத்தைத் தேக்கி வைக்கும் தொட்டியாகிவிடும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

எந்தப் பொருள் எதற்கு?

கடைகளில் 'டேம்பிங்', 'ஹீட் ஷீட்', 'சவுண்ட் ப்ரூஃப்' என்று பல பெயர்களில் பல பொருட்கள் விற்கின்றன. ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு.

பியூட்டைல் ஷீட்: ஒரு பக்கம் பசை, மறுபக்கம் அலுமினியத் தாள் உள்ள கனமான கறுப்பு ஷீட். இது தகட்டின் அதிர்வை அடக்கி, சத்தத்தைக் குறைக்கும். சூட்டைத் தடுப்பது இதன் வேலை அல்ல. தகட்டை முழுவதுமாக மூட வேண்டிய அவசியமும் இல்லை. நடுப்பகுதியில் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கிவிடும்.

மூடிய துளை ஃபோம்: உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாக இருக்கும் ஃபோம் இது. ஸ்பாஞ்ச் போலத் தண்ணீரை உறிஞ்சாது. சூட்டைத் தடுக்கும் உண்மையான வேலை இதனுடையதுதான். ஏசி குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட் இந்த வகையைச் சேர்ந்தது. ஏசி பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கதவுக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் கனம் போதும். அதற்கு மேல் போனால் கண்ணாடியிலோ டோர் பேடிலோ இடிக்கும்.

அலுமினிய ஃபாயில் ஷீட்: பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் இது அனலைத் திருப்பி அனுப்பும். தகட்டோடு அப்படியே ஒட்டிவிட்டால், அலுமினியமும் உலோகம்தான், சூட்டைக் கடத்திவிடும். ஃபோமின் மேல் ஃபாயில் ஒட்டப்பட்ட ஷீட்டை, ஃபாயில் பக்கம் கதவின் வெற்றிடத்தைப் பார்க்கும்படி ஒட்டினால் கொஞ்சம் கூடுதல் பலன் கிடைக்கும்.

கதவுக்குள் வைக்கவே கூடாதவை என்னென்ன?

ஸ்ப்ரே ஃபோம்: டப்பாவிலிருந்து அடித்ததும் பல மடங்கு பொங்கும். லாக் ராடு, கண்ணாடி ரெகுலேட்டர், வயர் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிவிடும். அடித்துளைகளை அடைத்துவிடும். மெல்லிய வெளித்தகட்டை வெளியே தள்ளி வீங்க வைக்கவும் கூடும். பிறகு லாக் ரிப்பேர் என்றால் ஃபோமைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

தெர்மோகோல்: வீட்டில் மிச்சம் இருக்கிறது என்று பலர் வைப்பது இதைத்தான். அதிகச் சூட்டில் சுருங்கும், வண்டி ஆடும்போது கீச்கீச் என்று சத்தம் போடும், உதிரும் உருண்டைகள் போய் அடித்துளையை அடைக்கும். எளிதில் தீப்பிடிக்கும் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம்.

கண்ணாடிப் பஞ்சு, பழைய துணி, சாதா ஸ்பாஞ்ச்: தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துருவுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

கூரை ஒழுகலுக்கு ஒட்டும் தார் ஷீட்: விலை குறைவு என்பதால் சிலர் வாங்குகிறார்கள். வெயிலில் இளகி வழியும், தார் வாடை போகவே போகாது, சில சமயம் கழன்று கண்ணாடி ரெகுலேட்டர் மேல் விழும்.

எந்த ஷீட்டாக இருந்தாலும், வண்டி உட்புறப் பொருட்களின் தீப்பிடிக்கும் தன்மைக்கான ஐ.எஸ். 15061 தரத்துக்கு உட்பட்டதா என்று கடைக்காரரிடம் கேட்பது நல்லது. கதவுக்குள் வயர் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

வேலை எப்படி நடக்க வேண்டும்?

பட்டறையில் கொடுத்தாலும், வீட்டிலேயே செய்தாலும் வரிசை இதுதான். மழை இல்லாத நாளாகப் பார்த்துத் தொடங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கதவு என்று வைத்துக்கொண்டால் அவசரம் இருக்காது.

1. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஸ்பீக்கர், பவர் விண்டோ என்று பிறகு மாட்டிய வயர்கள் பழைய வண்டிகளில் எப்படி ஓடுகின்றன என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

2. கண்ணாடி ஹேண்டில், கைப்பிடி ஸ்க்ரூக்களைக் கழற்றி, டோர் பேடை நிதானமாக எடுங்கள். பழைய கிளிப்புகள் உடையும். அரை டஜன் புதுக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரியுங்கள். ஏற்கெனவே கிழிந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ, கனமான பாலித்தீன் ஷீட்டை அதே அளவில் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

4. டார்ச் அடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். இத்தனை வருடத் தூசியும் இலைச் சருகும் சேறாகப் படிந்திருக்கும். அதை அள்ளி எடுத்துவிட்டு, அடித்துளைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

5. ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே ஊற்றிப் பாருங்கள். சில நொடிகளில் கீழே வடிந்துவிட வேண்டும். தேங்கி நின்றால், அது சரியாகும்வரை அடுத்த வேலைக்குப் போகக் கூடாது.

6. துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் ஓட்டை விழுகிறது என்றால், டிங்கரிடம் காட்டித் தகடு வைத்த பிறகுதான் இன்சுலேஷன். துருவின் மேல் ஷீட் ஒட்டுவது புண்ணின் மேல் பவுடர் பூசுவது மாதிரி.

7. ஒட்டப்போகும் இடத்தைத் தின்னர் அல்லது ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் எந்தப் பசையும் நிற்காது.

8. வெளித்தகட்டின் உள்பக்கம் பியூட்டைல் ஷீட்டைத் துண்டு துண்டாக ஒட்டி, சின்ன ரோலரால் அழுத்துங்கள். அதன் மேல் ஃபோம் ஷீட். அடிவிளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டராவது விட்டுத்தான் ஒட்ட வேண்டும். அந்த இடம் தண்ணீருக்கு.

9. கண்ணாடியை முழுவதும் இறக்கி ஏற்றிப் பாருங்கள். கதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறந்து மூடுங்கள். எங்கும் உரசக் கூடாது.

10. பிளாஸ்டிக் ஷீட்டைத் திரும்ப ஒட்டும்போது அதன் கீழ்ப்பகுதி கதவின் உட்புறம் நோக்கிச் செருகி இருக்க வேண்டும். அப்போதுதான் ஷீட்டில் படும் தண்ணீர் கதவுக்குள்ளேயே இறங்கும், வண்டிக்குள் வராது. கடைசியாக டோர் பேடை மாட்டுங்கள்.

இன்சுலேஷன் ஒட்டியாச்சு, இனி பிளாஸ்டிக் ஷீட் எதற்கு என்று தூக்கிப் போடுவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிறது. அந்த ஷீட் இல்லையென்றால், ரெக்ஸின் ஒட்டிய ஹார்டுபோர்டு டோர் பேட் ஈரத்தில் ஊறி உப்பிவிடும், வண்டித் தரையும் ஈரமாகும்.

ஸ்லைடிங் கதவில் ஏன் கூடுதல் கவனம்?

ஆம்னியின் பின்பக்கக் கதவுகள் கீலில் தொங்குபவை அல்ல; ரோலர்களின் மேல் ஓடுபவை. கதவின் மொத்த எடையையும் தாங்குவது அந்த ரோலர்களும், அவற்றைக் கதவோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டுகளும்தான்.

பியூட்டைல் ஷீட் 2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ வரும். "நல்லா திக்கா ஒட்டிடுங்க" என்று இரண்டு மூன்று அடுக்கு வைத்தால் கதவு கனத்து, ஏற்கெனவே தேய்ந்த ரோலர் இன்னும் தேயும். கதவு இறங்கும், பூட்டு சரியாக விழாது. எனவே இந்தக் கதவுகளில் பியூட்டைலைக் குறைத்து, எடை குறைந்த ஃபோமை முதன்மையாக வைப்பதே நல்லது. ரோலர் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும்.

இதில் துருவின் ஆபத்தும் பெரிது. ரோலர் பிராக்கெட் பிடித்திருக்கும் இடம் அரித்துப்போனால், ஓடும் வண்டியில் கதவு தடத்திலிருந்து நழுவும் அபாயம் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்றால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. கழன்று விழுந்த ஒரு ஷீட் லாக் ராடில் சிக்கினாலும், அவசர நேரத்தில் கதவு திறக்காது.

கேஸ் வண்டி என்றால் என்ன செய்ய வேண்டும்?

எல்பிஜி-யில் ஓடும் ஆம்னிகள் நிறைய உண்டு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரை மட்டத்தில் தங்கும். எஞ்சின் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், சைலன்சர் பைப்பில் கசிவு இருந்தால் அந்தப் புகையும் உள்ளே வர வழி உண்டு. அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

கதவு பீடிங்கைப் புதிதாக மாற்றி, இண்டு இடுக்கெல்லாம் அடைத்து வண்டியை இறுக்கமாக்கும்போது, முன்பு தானாக வெளியேறிய வாயு உள்ளேயே நிற்கும். அதனால் கேஸ் வாடையோ புகை வாடையோ இருக்கும் வண்டியில், அதைச் சரி செய்த பிறகுதான் கதவு வேலை. கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டபடி வண்டிக்குள் தூங்குவதை எந்த வண்டியிலும் தவிர்க்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. கதவின் உள்பக்கம் ஷீட் ஒட்டுவது வண்டியின் வடிவத்தையோ இருக்கை எண்ணிக்கையையோ மாற்றுவதில்லை. ஆனால் அந்தச் சாக்கில் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகடு அடிப்பது, இருக்கையைக் கழற்றுவது போன்றவை வேறு கணக்கு.

கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாம் என்று நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். கறுப்பு ஃபிலிம்களுக்கு எதிராக 2012-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் வழியே குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் வழியே 50 சதவீதமும் வெளிச்சம் செல்ல வேண்டும். வண்டி நிற்கும்போது மட்டும் கண்ணாடியில் மறைப்பு வைத்து, ஓட்டும்போது எடுத்துவிடுவது சிக்கலில்லாத வழி.

தனியார் பயன்பாட்டு வண்டிகளுக்குப் பதிவு 15 ஆண்டுகள். அதன் பிறகு ஆய்வுக்குக் கொண்டுபோய் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019-ல் வாங்கிய கடைசி ஆம்னிகளுக்கே 2034-ல் இந்த நிலை வரும். துருப்பிடித்து அரித்த கதவோடு ஆய்வுக்குப் போவது யாருக்கும் நல்லதல்ல.

வேலை சரியாக நடந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று ஒலித்தது 'தட்' என்று அடங்கி ஒலித்தால் பியூட்டைல் சரியாக ஒட்டியிருக்கிறது. மதிய வெயிலில் நிறுத்தி, டோர் பேடைத் தொட்டுப் பாருங்கள். இன்சுலேஷன் செய்யாத கதவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கைக்கே தெரியும்.

கடைசிச் சோதனைதான் முக்கியமானது. ஹோஸ் பைப்பால் கண்ணாடி மேல் ஐந்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். கதவின் அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். உள்ளே தரை விரிப்பு காய்ந்திருக்க வேண்டும். சொட்டு வரவில்லை என்றால் "ஆஹா, ஒழுகலையே" என்று சந்தோஷப்படக் கூடாது. தண்ணீர் உள்ளே தேங்குகிறதா என்று டோர் பேடைத் திரும்பக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன், அந்த அடித்துளைகளில் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தால் போதும். பத்து நிமிட வேலை. கதவுக்குச் செய்த செலவு பல வருடம் நிற்பது அதில்தான் இருக்கிறது.